பத்துமலை அண்ணன் மீட்டிங்கில் இருக்கிறார்

பெயர்: தினேஸ்வரி த/பெ மாயாண்டி. வயது: 29. முகவரி: புந்தோங், ஈப்போ. வேலை: இயந்திர உதிரிப்பாகக் கம்பெனியில் தொலைபேசி எடுப்பவர். நாள்: 18.3.2024.

எங்கள் மேலாளர் திரு. லியோனார்ட் சென்ற ஆண்டு என் மேசையில் ஒரு தாளை ஒட்டினார். மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்றும், 'சாப்பிடப் போயிட்டாரு', 'இன்னும் வரல' என்றெல்லாம் சொல்லக் கூடாது என்றும், கேட்ட ஆள் கிடைக்காவிட்டால் 'மீட்டிங்கில் இருக்கிறார்' என்று சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆள் கழிவறையில் இருந்தாலும் மீட்டிங்தான். முதலில் எரிச்சலாக இருந்தது, அதன் பிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

12.3.2024 செவ்வாய்க்கிழமை காலை 9.40க்கு எங்கள் ஸ்டோர் கீப்பர் பத்துமலையின் மனைவி நவமணி அழைத்து, கணவர் கைத்தொலைபேசியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். ஸ்டோர் பின்கட்டடத்தில் உள்ளது, அதற்குத் தனி வாசல். நான் ஸ்டோருக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அண்ணன் எப்போதுமே சீக்கிரம் எடுக்க மாட்டார். ஆகவே மீட்டிங் என்று சொன்னேன். அதன் பிறகு நவமணி அக்கா 11.15க்கும் 2 மணிக்கும் அழைத்தார், அதையே சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிட்டு இனிப்பு நீர் வியாதிக்கான, அதாவது சர்க்கரை மாத்திரையை, அண்ணனைப் போடச் சொல்லும்படி கேட்டார். துண்டுத்தாளில் எழுதி வைத்தேன். செவ்வாய்க்கிழமை லாரி வராது என்பதால் அன்று யாரும் ஸ்டோர் பக்கம் போகவில்லை.

அதன் பிறகு 4.30க்கு அழைத்தபோது அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "காலையிலேர்ந்து மீட்டிங்கா லா? சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்களோ? கோழி எடுத்து வச்சிருக்கேன்" என்றார். நானும் சிரித்தேன்.

6.10க்கு விளக்கை அணைத்துவிட்டுப் புறப்படும்போது மறுபடி மணி அடித்தது. "இன்னுமா தினேஸ் மீட்டிங்கு?" என்றார். "ஆமாக்கா" என்றேன். ஆபீஸில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஓடிப்போய் ஸ்டோரைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை போட்ட பூட்டு அப்படியே இருந்தது. உடனே அக்காவுக்கு அழைத்து, அண்ணன் இன்று வேலைக்கே வரவில்லை என்று சொன்னேன்.

அக்கம்பக்கத்தார் தேடிப்போய், பழைய ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், இப்போது செம்பனை மரங்கள் நிற்கும் இடத்தில், கால்வாய்க்குள் அவரை மோட்டார் சைக்கிளோடு கண்டெடுத்தார்கள். காலை ஏழரைக்கு விழுந்திருப்பார் என்கிறார்கள். மதியத்துக்குள் கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். ஆறு நாளாகியும் அண்ணன் கண் திறக்கவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

நான் சொன்னது பொய்யா என்று இங்கே போலீஸ் அதிகாரி கேட்டார். தாளில் இருந்ததைச் சொன்னேன். அந்தத் தாளையும் துண்டுத்தாளையும் ஒப்படைத்துள்ளேன்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் ஒரு வாடிக்கையாளர் பத்துமலையைக் கேட்டு அழைத்தார். மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
தினேஸ்வரி