விக்க மனசில்லாத சரக்கு

— அந்த ஆள்கிட்ட இன்னா சொன்னீங்க, அதை மட்டும் சொல்லுங்க மேடம்.

— அரே பொன்மலர், உக்காரு மொதல்ல. பேஸ்டிங் ஹால்ல இருந்து ஓடியா வந்தே? மூச்சு வாங்குது பாரு. எந்த ஆளு?

— காலையில உங்களுக்குப் போன் பண்ணாரே, பிரேம்நாத்னு.

— அவனா? தோபா தோபா, அவன் பேரை எடுக்காதே. ராணிப்பேட்டை கம்பெனிங்களுக்கு ஆள் புடிக்கற ஏஜென்ட்டு. உன்னைக் கொத்தினு போகப் பாக்கறான். "பொன்மலரை எடுத்துக்கலாம்னு இருக்கோம், எப்படிப்பட்ட பொண்ணு"ன்னு மொதலாளி என்கிட்டயே கேக்கறான். தைரியம் பாத்தியா? குடுத்தேன் நல்லா.

— மேடம், அவரு ராணிப்பேட்டை இல்ல. சென்னை. ஸ்காலர்ஷிப் ஆபீஸு.

— எந்த ஸ்காலர்ஷிப்பு?

— போன மாசம் சொன்னேனே. இங்கிலாந்துல ஒரு வருஷம் மேல்படிப்பு. ஃபீஸு, ஃபிளைட்டு, தங்கற செலவு எல்லாம் அவங்களே குடுப்பாங்க. வேலை செய்ற எடத்துல விசாரிப்பாங்க, உங்க பேரைக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். சரின்னீங்க.

— சொன்னே, இல்லேங்கல. அதுக்குன்னே என் மருமக ஹீனாகிட்ட இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். "ஷி ஈஸ் எ ஜெம் ஆஃப் அவர் ஃபேக்டரி." வெள்ளைக்காரன் கூப்புடுவான்னு காத்துனு இருந்தா, தமிழ்க்காரன் கூப்புடறான். நான் என்னாத்தைக் கண்டேன்?

— ஆபீஸ் பேரைச் சொல்லலியா அவரு?

— சொன்னான். நீளமா ஒரு இங்கிலீஷ் பேரு. ஆம்பூர்ல எவன் கம்பெனிக்குத்தான் நீளமா இங்கிலீஷ் பேரு இல்லே? செருப்புக்கு வார் ஒட்டறவன்கூட இன்டர்நேஷனல்னு போர்டு மாட்டறான்.

— சரி. என்னைப் பத்தி இன்னா சொன்னீங்க?

— விடு பேட்டா.

— சொல்லுங்க மேடம்.

— பாரு, எங்க அப்பா தோல் மண்டி வெச்சிருந்தவரு. மெட்ராஸ் பெரியமேட்டுல இருந்து தோல் வாங்க ஆளு வருவான். நாம விக்க மனசில்லாம தனியா எடுத்து வெச்ச தோலைத்தான் கரெக்டா கை வெச்சு விலை கேப்பான். இல்லேன்னு சொல்லக் கூடாது. இல்லேன்னா ஆசை ஜாஸ்தி ஆகும். தோலைத் திருப்பிப் போட்டு உண்ணி கடிச்ச தழும்பைக் காட்டணும். கத்தி பட்ட எடத்தைக் காட்டணும். வந்தவன் தானா நடையைக் கட்டுவான்.

— என் மேல எந்தத் தழும்பைக் காட்டினீங்க?

— இருக்கறதைத்தான். பெரியவங்க சின்னவங்க பாக்காம எதுத்துப் பேசுவான்னேன். வாங்கற பையரே பாஸ் பண்ண சரக்கை இவ ரிஜெக்ட் பண்ணுவான்னேன். கண்டெய்னர் வாசல்ல நிக்கும்போது லைனை நிறுத்தினவன்னேன்.

— அதையுமா?

— விவரமாவே சொன்னேன். ஒட்டற சொல்யூஷன் வாடையில ரெண்டு பொம்பளைங்க தலை சுத்தி உக்காந்ததுக்கு, ஹால்ல இருந்த அத்தனை பேரையும் வேப்ப மரத்தடிக்குக் கூட்டினு போய்ட்டா, ஃபேன் ஓடற வரைக்கும் ஒருத்தியையும் உள்ள விடல, எனக்குக் கப்பலே போச்சுன்னேன்.

— அந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க எங்கம்மா. அதைச் சொன்னீங்களா?

— அதை எதுக்கு சொல்றது? சரக்கைக் கம்மி பண்ணிப் பேசும்போது எவனாவது காரணம் சொல்லுவானா?

— அவ்ளோதான். முடிஞ்சுது. இது கடைசி ரவுண்டு மேடம். இன்னிக்கு சாயந்தரம் பேரு போடறாங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். அப்ளை பண்ணக்கூட முடியாது.

— அரே, அழறியா?

— அழல. கையில சொல்யூஷன் இருந்துச்சு, கண்ணுல பட்டுடுச்சு.

— எனக்கே பேஜாரா இருக்கும்மா. சொல்லு, நான் என்னா பண்ணணும்?

— திருப்பிப் போன் பண்ணுங்க. காலையில சொன்னது தப்புன்னு சொல்லுங்க.

— அது மட்டும் ஆகாது. காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலைன்னா இந்த அன்வரி பேகம் வாய்க்கு மார்க்கெட்ல என்னா மரியாதை?

— அவரு மார்க்கெட் இல்ல மேடம்.

— எல்லாமே மார்க்கெட்தான். சரி, பாதி சொல்றேன். எதுத்துப் பேசுவா, ஆனா மனசு தங்கம்.

— முழுசா சொல்லுங்க.

— முக்கால்.

— மேடம்!

— சரி சரி, முழுசு. ஆனா எனக்கு என்னா? சரக்கை செக் பண்ற கியூசி இல்லாம ஒரு வருஷம் நான் கை ஒடிஞ்சு நிக்கணும். எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படிச்சவ, அங்க போய் புதுக் கலரு, புது ஃபினிஷிங்கு எல்லாம் கத்துனு நம்ம கம்பெனிக்கே வரணும். நடுவுல வாணியம்பாடிக்காரன் ஜாஸ்தி குடுக்கறான்னு எறங்கிடக் கூடாது.

— நம்ம கம்பெனிக்குத்தான் வருவேன். போதுமா?

— போதும். போடு நம்பரை. ஸ்பீக்கர்ல போடு, அப்புறம் நான் சரியா சொல்லலேன்னு நீ சண்டைக்கு வருவே.

— வணக்கம், பிரேம்நாத் பேசுகிறேன்.

— சார், ஆம்பூர்ல இருந்து அன்வரி பேகம். காலையில பேசினோமே.

— சொல்லுங்க மேடம். தேர்வுக் குழு கூட்டம் நடக்குது. வெளியே வந்துதான் பேசறேன்.

— ஒரே வார்த்தை சார். காலையில நான் சொன்னது எல்லாம் பொய்யி.

— எல்லாமேவா?

— சுத்தமா எல்லாமே. பொன்மலரு எதுத்துப் பேசவே மாட்டா. பூனைக்குட்டி சார் அவ. பையர் பாஸ்னா இவளும் பாஸ். லைனை நிறுத்தறதா? லைன் ஓடும்போது தும்மல் வந்தாக்கூட அடக்கிக்குவா. ஷி ஈஸ் எ ஜெம் ஆஃப்...

— மேடம், கொஞ்சம் இருங்க. இது பெரிய சிக்கலாச்சே.

— நல்லா சொன்னா என்னா சார் சிக்கல்?

— மத்தவங்களோட முதலாளிங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. நல்ல பையன், நல்ல பொண்ணு, சொன்ன பேச்சைக் கேப்பாங்கன்னு. கப்பல் போனாலும் போகட்டும்னு ஆளுங்களை வெளியே கூட்டிட்டு வந்தவங்க பொன்மலர் ஒருத்தர்தான். நீங்க கோவமா சொன்னதாலேயே எல்லாரும் நம்பினாங்க. அதை வெச்சுத்தான் குழு மொத்தமும் இவங்களுக்குக் கை தூக்கிச்சு. இப்ப அது நடக்கவே இல்லைங்கறீங்க. நான் உள்ளே போய் என்னன்னு சொல்லட்டும்?

— யா அல்லா.

— மேடம்? லைன் நின்னுதா, நிக்கலையா?

— ஏய் பொன்மலர், என்னாடி சொல்றது இவருக்கு?

— நடந்ததைச் சொல்லுங்க மேடம்.

— நின்னுது சார்.

— காரணம்?

— வாடையை வெளிய தள்ற ஃபேன் ரிப்பேரு. இவ சொல்லினே இருந்தா. ஷிப்மென்ட் முடியட்டும்னு நான் தள்ளினே வந்தேன். இவ அம்மா சௌந்தரமும் இன்னொருத்தியும் சாஞ்சுட்டாங்க. வேற பொண்ணா இருந்தா அம்மாவை மட்டும் தூக்கினு போயிருக்கும். இவ ஹாலையே காலி பண்ணிட்டா. நான் கத்தினேன் சார், நல்லாவே கத்தினேன். "நீங்க கொஞ்ச நேரம் உள்ள போய் நின்னு பாருங்க, அப்புறம் இவங்களைக் கூப்புடுங்க"ன்னா.

— போய் நின்னீங்களா?

— நின்னேன். வெளிய வந்து நானே எலக்ட்ரீஷியனைக் கூப்ட்டேன்.

— அப்படின்னா காலையில சொன்னதுதான் உண்மை?

— அதான் சார் உண்மை. நடுவுல சொன்னதைத் தள்ளிடுங்க. அது வியாபாரம்.

— சரிங்க மேடம். பொன்மலர் பக்கத்துல இருக்காங்கன்னு நினைக்கறேன். வாழ்த்துகள்மா. சாயந்தரம் முறைப்படி மெயில் வந்துடும். கிளம்பற ஏற்பாட்டைப் பாருங்க.

— தேங்க்ஸ் சார்... ரொம்ப தேங்க்ஸ்.

— வெச்சிட்டானா?

— வெச்சிட்டாரு மேடம்.

— ஒரே நாள்ல ஒரே சரக்குக்கு மூணு விலை சொல்லிட்டேன். எங்க அப்பா இருந்திருந்தா மண்டியை விட்டே தொரத்தியிருப்பாரு. இப்ப அழு, பரவால்ல. இப்ப அழறது கணக்குல சேராது. ஆளை அனுப்பி மக்கன் பேடா வாங்கியாரச் சொல்றேன், ஹால் முழுக்கக் குடுக்கணும். அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

— நானே சொல்றேன் மேடம்.

— சொல்லு சொல்லு. ஆமா, இவ்ளோ பேரம் பேசினேன், சரக்கு என்னான்னே கேக்கலியே. புதுக் கலரா, ஃபினிஷிங்கா? என்னா படிப்பு அது?

— கலரு இல்ல மேடம். ஃபேக்டரிக்குள்ள காத்துல இன்னா இன்னா கலந்திருக்குது, அதை வருஷக்கணக்கா மூச்சுல இழுத்தா ஆளுக்கு இன்னா ஆகும்னு அளந்து பாக்கற படிப்பு. படிச்சு முடிச்சதும் ஊர்ல ஏதாவது ஒரு கம்பெனிக்குள்ள போய் அளந்து, அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் குடுக்கணும்.

— எந்தக் கம்பெனிக்குள்ள?

— இங்கதான் மேடம். எங்கம்மா இன்னும் அந்த டேபிள்லதானே உக்காந்து ஒட்டினு இருக்காங்க.