ஒரு ‘ம்’ போதும்

பரோட்டா கடைக்கு மேலே ஆபீஸ் பிடிக்கக் கூடாது, மேடம். பகல் பதினோரு மணிக்கே சால்னா வாசனை மாடிப்படி ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு மனுஷன் எப்படி வேலை பார்ப்பது? கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீஸ் அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் இருந்தது. நடந்ததற்கெல்லாம் அந்தச் சால்னாதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் தீனதயாளன். சொந்த ஊர் தியாகதுருகம். வாயை வைத்துப் பிழைப்பவன். நான் சொல்வதை உங்கள் செல்போனில் ரெக்கார்டு செய்கிறீர்கள், ரொம்ப நல்லது. எனக்கும் ரெக்கார்டுக்கும் பழைய சிநேகம் உண்டு.

கம்பெனியின் பெயர் ‘மலைத்துணை’. சிவசங்கர் சார் சென்னையிலிருந்து நாலைந்து லேப்டாப்பும் ஒரு பிள்ளையார் படமும் கொண்டுவந்து ஆரம்பித்தார். கல்வராயன் மலைமேல் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்கு ஜீப் சேவை. எங்கள் நம்பருக்கு அடித்தால் வீட்டு வாசலுக்கே ஜீப் வரும். முதல் மாதம் இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் என்று நோட்டீசில் போட்டிருந்தோம். இலவசம் என்ற பிறகு நோட்டீசை யார் படிக்கிறார்கள்? சந்தைக்குப் போனார்கள், காதுகுத்துக்குப் போனார்கள். ஒருவர் தன் ஆட்டை ஏற்றிக்கொண்டு போனார், ஆட்டுக்கு ஜன்னல் சீட்டு. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பழகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதுவரைக்கும் அந்தப் பக்கத்துக்கு இருந்தது செல்லமுத்துவின் ஒரே ஜீப்தான். ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார். துட்டு இருந்தால் வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் மரவள்ளி பிடுங்கியதும் கொடு என்பார். சும்மா ஒரு ஜீப் வரும்போது அந்தக் கயிற்றுக் கதவை யார் சீந்துவார்கள்? இலவச மாதம் முடிவதற்குள் அவர் வண்டியை வடக்கனந்தல் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். அந்தச் சேதி வந்த அன்று சிவசங்கர் சார் எங்கள் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். எனக்குச் செல்லமுத்து மேல் கோபதாபம் எதுவும் கிடையாது. நல்ல மனிதர், வியாபாரம் தெரியாதவர், அவ்வளவுதான்.

இலவசம் முடிந்தால் சம்மதம் கேட்க வேண்டும். கைரேகையையும் பேங்க் நம்பரையும் முதல் நாளே, அடையாளத்துக்கு என்று சொல்லி வாங்கி வைத்திருந்தோம். இனி அவர்கள் போனில் வாயைத் திறந்து ஒரு ‘சரி’ சொல்லிவிட்டால் போதும், மாதாமாதம் பணம் தானாகக் கழியும். அந்த ஒரு சரிதான் வரவே இல்லை. மலைக்காரர்கள் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘வூட்ல கேட்டுச் சொல்றம்பா’ என்பார்கள். சிவசங்கர் சார் அதை நம்பி, வீட்டில் கேட்டுவிட்டார்களா என்று தினமும் விசாரித்தார். நான் இந்தப் பக்கத்து ஆள். அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. இங்கே ஒருவர் பேசினால் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். கதை சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதைச் சொன்னாலும் சரி, பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘ம்’. போனில் இது இன்னும் ஜாஸ்தி. ‘ம்’ நின்றுபோனால் லைன் கட்டாகிவிட்டது என்று நாமே வைத்துவிடுவோம்.

சாரிடம் போய் நின்றேன்.

“சார், இங்க ‘ம்’னா சரின்னு அர்த்தம் சார்.”

“நிஜமாவா?”

“இந்தப் பக்கத்து வழக்கம் சார் அது.”

நான் பொய் சொன்னேன் என்று எழுதாதீர்கள், மேடம். மொழிபெயர்த்தேன் என்று எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. விலையைச் சொல்லி, நிறுத்தி, நேராகக் கேள்வி கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார். நான் நிறுத்தவே மாட்டேன். ‘அக்கா, போன வாரம் மழை பெஞ்சுதா, ரோடு புட்டுக்கினு போச்சா, அப்பவும் நம்ம ஜீப்பு வந்துச்சா, இதே மாதிரி மாசக் கட்டணத்துல வந்துக்கினே இருக்கலாமா, டிரைவரு கூட தங்கமான மனுசன்க்கா...’ மழைக்கு ஒரு ‘ம்’, ரோட்டுக்கு ஒரு ‘ம்’, ஜீப்புக்கு ஒரு ‘ம்’. கட்டணத்துக்கு வந்த ‘ம்’மை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் எனக்குக் குக்கர் பரிசாகக் கிடைத்தது. அம்மா இன்றைக்கும் அதில்தான் பருப்பு வேகவைக்கிறார்.

பில் போனதும் புகார் வந்தது, வராமல் இருக்குமா? நூறு நாள் வேலைக் கூலி பேங்குக்கு வரும், வந்த சூட்டோடு எங்களிடம் வந்துவிடும். புகாருக்குத் தனி நம்பர் வைத்திருந்தோம். அந்த போனும் என் மேசை மேல்தான் இருந்தது. வலது கைப்பக்கத்துப் போனை எடுத்தால் நான் தீனதயாளன். இடது கைப்பக்கத்துப் போனை எடுத்தால் அருள். அருளுக்குக் கொஞ்சம் கனத்த குரல், தொண்டையில் சளி கட்டின மாதிரி. ஜலதோஷம் பிடித்த நாட்களில் எனக்கே குழப்பமாக இருக்கும்.

பாவாயி அக்கா அப்படித்தான் அருளுக்கு போன் செய்தார். அவரும் கணவர் குப்பனும் மலைமேல் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர்கள். அவர்கள் ஊரில் மேட்டின் உச்சியில் ஒரு புளியமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எங்களைத் திட்டுவதென்றாலும் அந்த மேட்டை ஏறி வந்துதான் திட்ட வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினார்.

“இன்னாப்பா இது, சும்மான்னு சொன்னீங்க. இப்ப இன்னாடான்னா கூலித் துட்ட பூரா புடிச்சிக்கினீங்க. அந்தத் தீனதயாளன் பையனக் கூப்புடு.”

“அவன் சுத்த ஃபிராடுங்க அக்கா,” என்றேன் அருளின் குரலில். “இன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிடறோம்.”

அதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஐயோ, வேலய எடுத்துடாதப்பா. யார் பெத்த புள்ளையோ. ரெண்டு வார்த்த கண்டிச்சி வுடு, போதும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். என் வேலைக்காக இதுவரை யாரும் அப்படிப் பரிந்து பேசியதில்லை. ஆனாலும் கம்பெனி விதி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அவருடைய பழைய ‘ம்’மை ரெக்கார்டில் ஓட விட்டு, இது உங்கள் குரல்தானே என்று கேட்டேன்.

“என் கொரலுதான். அந்தப் புள்ள பேசிக்கினு இருந்துச்சி, நான் கேட்டுக்கினு இருக்கேன்னு ‘ம்’ கொட்னேன். கொட்லன்னா மருவாதியா? சரின்னா சரின்னு சொல்லத் தெரியாதா எனக்கு?”

நியாயமான பேச்சுதான். அருள் அதை முழுவதும் பொறுமையாகக் கேட்டான், நடுநடுவே ‘ம்’ கொட்டினான். பிறகு புகார் தீர்ந்தது என்று பதிவு செய்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அடுத்த மாதம் அவர் கணக்கில் பணம் இல்லை, பாக்கி விழுந்தது. பாக்கிக்காரர்களுக்கு ஜீப் கிடையாது. வருஷத் திட்டத்துக்குச் சம்மதித்தால் மட்டும் மறுபடி ஜீப் அனுப்புவோம், அதுவும் மறுநாள் காலையிலிருந்து. இந்த விதியைப் போட்டவர் சிவசங்கர் சார். நான் பேசுகிறவன் மட்டும்தான்.

அன்றைக்கு மதியம் எனக்குப் பரோட்டா பார்சல் வந்திருந்தது. ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். வாழை இலையைப் பிரித்துவிட்டேன். வலது கைப்பக்கத்துப் போன் அடித்தது. பாவாயி அக்கா.

“தம்பி, பாம்பு கடிச்சிட்சிப்பா. மரவள்ளிக் கொல்லையில. சீக்கிரம் ஜீப்ப அனுப்பு.”

குப்பன் சந்தைக்குப் போயிருந்தாராம். அக்கம்பக்கத்திலும் ஆள் இல்லையாம். கடிபட்ட காலோடு அந்த மேட்டை ஏறி வந்திருக்கிறார். திரையில் அவர் பெயருக்கு நேராகப் பாக்கி என்று சிவப்பில் வந்தது.

“அனுப்பறோங்க அக்கா, பதறாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்,” என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தால் முழுவதும் சொல்லியாக வேண்டும். நடுவில் விட்டால் எங்கள் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளாது. நூற்றியெட்டுக்கு அடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் அதைக் கேட்டார். “லைன் கட்டானா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்க்கா, வேணாம்,” என்றேன். அது உண்மைதான். நான் அவரிடம் பொய் எதுவும் சொல்லவில்லை.

மழையைச் சொன்னேன், ‘ம்’ என்றார். ரோட்டைச் சொன்னேன், ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கீழே கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஜீப்பைச் சொன்னேன். வருஷத் திட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். பிறகு வந்தது, அடிவயிற்றிலிருந்து, நல்ல அழுத்தமாக ஒரு ‘ம்’. அது சம்மதமா முனகலா என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். எங்கள் சிஸ்டத்தில் முனகல் என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது, மேடம். டிக் போட்டேன்.

ஜீப் மறுநாள் காலையில்தான் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் பயந்துபோயிருப்பார். வலியில் இருக்கிறவரிடம் ஆறுதலாகப் பேசுவதுதானே முறை?

“ஜீப்பு வந்துக்கினே இருக்குதுக்கா. எங்கியும் போகாதீங்க. அங்கியே உக்காருங்க.”

“நல்லா இருப்பா,” என்றார்.

உட்கார்ந்தார். குப்பன் சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோதும் அதே புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். முகம் ரோட்டைப் பார்த்து இருந்ததாம். குப்பன் தூரத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார், ‘ம்’ வரவில்லை. எங்கள் ஜீப் மறுநாள் காலையில் குறித்த நேரத்துக்குப் போய் நின்றது. மலைத்துணை சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று இன்றுவரை ஒரு புகார் கிடையாது.

என் பரோட்டா ஆறிப்போய்விட்டது. அதைக் கடைக்காரரிடம் கொடுத்துக் கல்லில் போட்டுச் சூடு பண்ணித் தரச் சொன்னேன்.

அந்த ரெக்கார்டு சிவசங்கர் சாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவர் கேட்டது வெட்டி எடுத்த ‘ம்’மை மட்டும்தான், என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. இவ்வளவு தெளிவான ‘ம்’ நம்மிடம் வேறு இல்லை, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டு என்றார். போன வாரம் ரம்யா என்ற பெண் சேர்ந்தாள். அவளுக்கு முதலிலிருந்து போட்டேன். அவள் பாதி கேட்டாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு படி இறங்கிப் போனாள். பரோட்டா வாங்கப் போகிறாள் என்று நினைத்து, எனக்கும் ரெண்டு சொல்லிவிடச் சொல்லிக் கத்தினேன். அவள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. பேசியது நான், டிக் போட்டது நான், அங்கேயே உட்காரச் சொன்னதும் நான். இதெல்லாம் நடந்தது, அதனால் சொல்கிறேன். கையெழுத்துப் போடவும் தயார்.

ஆனால் ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. உங்கள் ஏட்டு ராமசாமி வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில், ‘பாவாயியைச் சாகவிட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி வைத்திருக்கிறார். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? காலையில் நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனீர்கள். வெயிலைப் பற்றிப் பேசினீர்கள், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தீர்கள், நடுவிலே, செத்துப்போவார் என்று தெரிந்தேதான் அந்த அம்மாவை அங்கே உட்கார வைத்தாயா என்றீர்கள், நிறுத்தாமல் டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் போல நடுவில் வந்த அந்தக் கேள்விக்கும் ‘ம்’ என்றேன். வேண்டுமானால் ரெக்கார்டைப் போட்டுக் கேளுங்கள். வெறும் ‘ம்’தான் இருக்கும்.

அது மரியாதைக்குக் கொட்டிய ‘ம்’, மேடம். நீங்கள் பேசுகிறீர்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே, உங்களுக்குத் தெரியாதா? அதைப் போய்ச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?