கல்வீட்டில் மிஞ்சிய கல்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அப்பாதுரை அவர்களே, தடியூன்றி வந்தாலும் தளராமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, மதில்மேல் இடம்பிடித்த மாணவச் செல்வங்களே, ஆஸ்டின் டவுன் அருமைத் தமிழர்களே, நம் மகிழ்ச்சியில் பங்குகொள்ள வந்த கன்னடச் சகோதரர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பின்னால் நிற்கிறதே இந்தக் கல்வீடு, இதைப் போன வருஷம் பார்த்தவர்கள் யார் யார்? கூரையில் வானம் தெரிந்தது. கூடத்தில் கழுதை படுத்திருந்தது. கிழக்குச் சுவரில் அரசங்கன்று வேரோடிச் சுவரே வயிறு தள்ளி நின்றது. நூறாண்டுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் தளபதி குடியிருக்க, நம்மவர் கைகள் கட்டிய வீடு! ஒரு கருங்கல்லின் மேடு மறு கருங்கல்லின் பள்ளத்தில் கச்சிதமாய் அமர்ந்த வீடு! இதைப் பிரசவ விடுதியாக்கக் கேட்டோம். ஏன் கேட்டோம்? வலி கண்ட பெண்ணை ஜட்கா வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி சேருமுன் வழியிலேயே பிள்ளை பிறந்த கதை இந்தத் தெருவில் எந்த வீட்டில் இல்லை? தை பிறப்பதற்குள் சுவர் நேராக நின்றால் வீடு உங்களுக்கு, இல்லையேல் முழுவதையும் இடித்து மனையை ஏலம் விடுவோம் என்றார்கள் அதிகாரிகள்.

எஞ்சினியர் ஸ்ரீகண்டன் வந்தார். சுவரைப் பிரித்தார். எந்தக் கல் எந்த இடம் என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் எழுதி முற்றத்தில் பரப்பினார். பரப்பிவிட்டு விடுமுறைக்கு மல்லேஸ்வரம் போனார். வந்தது ஆயுதபூஜை!

யார் அங்கே சிரிப்பது? முனியப்பனா? சிரியுங்கள் ஐயா, அன்று தண்ணீர் சுமந்தவரே நீங்கள்தானே!

கடப்பாரை கழுவியாயிற்று, கரண்டி கழுவியாயிற்று, கட்டப்போகும் கல் மட்டும் அழுக்காய்க் கிடக்கலாமா? தாய்மார்கள் தேங்காய் நார் கொண்டு தேய்த்தார்கள். மாதா கோவிலுக்குப் போய்வந்த பெட்டி என்ற கிறிஸ்தவ அம்மையார் தம் வீட்டுச் சவுக்காரத்தையே கொண்டுவந்தார். கல்லுக்குக் கல் மஞ்சள், கல்லுக்குக் கல் குங்குமம், கல்லுக்குக் கல் பூ! திரும்பி வந்த எஞ்சினியர் பூவைக் கண்டார், எண்ணைக் காணோம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கல்லைத் தேய்த்த தாய்மார்களில் ஒருவரான பாகீரதி அம்மாள் சொன்னார்: "நம்பர் போனா போவுது சார். அந்தச் செவுத்தைப் பாத்துக்கினுதானே வருஷக்கணக்கா கொடத்தோட நிக்கிறோம். எங்களுக்குத் தெரியாதா?"

உண்மைதானே! தெருக்குழாய் இருப்பது அந்தச் சுவர் ஓரத்தில்தானே? கத்தி தீட்டித் தேய்ந்த கல் எது, குடம் இடித்து மூக்குடைந்த கல் எது, முதுகு சாய்ந்து வழுவழுத்த கல் எது என்று காட்டினார்கள்; காட்டும்போதே சண்டையும் போட்டார்கள். வைத்துப் பார்த்தார் எஞ்சினியர், கல் கல்லோடு பொருந்தியது! கீழ்வரிசைகள் எழுந்தன. தலைக்கு மேலே உள்ளதை அவரும் நாணு மேஸ்திரியும் மேடுபள்ளம் பார்த்துப் பொருத்தினார்கள். கழுவிய கைகளே கட்டிய கைகளாயின! தை பிறப்பதற்குள் சுவர் நேராக நின்றது, வீடு நமதாயிற்று!

ஆனால், ஒரு கல் மிஞ்சியது. எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை என்று எஞ்சினியர் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாகீரதி அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது செவுத்துக் கல்லே இல்ல சார், கொடம் வெக்கிற கல்லு. பூஜைக்குன்னு நாங்கதான் தூக்கியாந்தோம்."

அந்தக் கல் எங்கே என்கிறீர்களா? ஒலிபெருக்கி உயரம், நான் குள்ளம். இதோ என் காலடியில்! நான் இறங்கியதும் நாணு மேஸ்திரி இதை வாசற்படியாகப் பதிக்கப் போகிறார். பூட்டைத் திறப்பவர் நம் தலைவர். ஆனால் படியில் முதலில் கால்வைப்பவர் அவரல்ல, நானுமல்ல. தலைவரிடம் கேட்டுவிட்டேன், தலையசைத்துவிட்டார். மூன்றாம் வரிசையில் நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி சிரிக்கிறாளே, தன் மூத்த பிள்ளையை ஜட்கா வண்டியில் பெற்ற நம் தெருப் பெண் சரசு, அவள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையோடு காத்திருந்த கற்களுக்கும் நன்றி, வணக்கம். சரசு, இனி வண்டி வேண்டாம் அம்மா. நடந்தே வா. நான் இறங்கிவிட்டேன்.