ஒன்பது முறை அளந்த ஓடை

எங்கள் கல்லூரியின் நில அளவைக் கூடத்தை இருபத்தெட்டு ஆண்டுகள் இமைபோல் காத்தவரே, கருவி எதற்கும் கீறல் விழாமல் கைமேல் தாங்கியவரே, மைசூரு மண்ணில் மணக்கும் தமிழ் பேசிய மாண்பினரே, அட்டெண்டர் என்னும் பதவியில் ஆசானாய் நின்ற அன்புருவே, வேலாயுதனாரே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். ஆகவே அவரைப் பற்றிச் சபையோரிடம் பேசுகிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஊருக்கு உதவும் ஒன்றை வடிவமைத்துத் தொழில் கற்க வேண்டும் என்று 1990இல் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு விதி வந்தது. ஊர் தேடி அலைந்த அவர்களுக்குத் தம் சொந்த ஊரைக் காட்டியவர் வேலாயுதம். தமிழ்நாட்டு எல்லையருகே, ஹனூருக்கு அப்பால், ஓடைக்கு அக்கரையில் இருக்கும் தமிழ் பேசும் ஊர் அது. மழையில் ஓடை பெருகினால் ஆஸ்பத்திரிக்கு வழி கிடையாது. ஒரு நடைபாலம் போதும். தமிழறியா மாணவருக்கு அவரே வாயானார். பசித்தவர்களுக்குத் தம் வீட்டில் ராகிக் களி கிண்டிப் போடச் செய்தார். "அடுத்த வருசம் பாலம் வந்துருமுங்க" என்று ஊராருக்கு வாக்குக் கொடுத்தவரும் அவரே.

அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வந்தார்கள். முந்தியவர் வரைந்ததைத் தொடர்ந்தால் மதிப்பெண் இல்லை, புதிதாகச் செய்தால்தான் உண்டு. எனவே முதலிலிருந்து அளந்தார்கள், முதலிலிருந்து வரைந்தார்கள். இப்படியே ஒன்பது ஆண்டுகள், ஒன்பது பாலங்கள், ஒன்பதும் அறிக்கையாக அட்டை போட்டு அலமாரியில். ஆண்டுதோறும் அளவு நாடா பிடித்த மாதம்மா என்ற அவ்வூர்ப் பெண்மணி, "பதினெட்டு மீட்டருங்க தம்பி, தப்பாப் படிச்சுட்டீங்க, மறுக்காப் பாருங்க" என்று மாணவரையே திருத்துமளவு தேறிவிட்டார்.

1996 ஐப்பசியில் மாதம்மாவின் மகள் தேவம்மாவுக்குப் பேறுகால வலி. கட்டிலோடு தூக்கிவந்து ஓடைக்கரையில் பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். தண்ணீர் வடியவில்லை. தாயும் பிள்ளையும் அங்கேயே உயிர்விட்டார்கள். அடுத்த வேனிலில் அந்த ஓடைப் பாலத்தின் அறிக்கைக்குக் கல்லூரியில் முதல் பரிசு கிடைத்தது. கைதட்டியவர்கள் நாங்கள். வேலாயுதம் தட்டவில்லை.

அறிக்கைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். பரீட்சைக்கு எழுதிய தாளை வைத்துப் பாலம் கட்ட முடியாது என்றார்கள். "எந்த மூஞ்சிய வச்சுட்டு ஊருக்குப் போறதுங்க" என்று கருவிகளைத் துடைத்தபடி எங்களிடம் கேட்டார்.

இன்று ஓய்வு பெற்று, நாளை அவர் ஊர் திரும்புகிறார். கல்லூரி ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். "பஸ்ஸிலயே போயிக்கிறேனுங்க. ஜீப்பைப் பாத்தாப் பாலம் கட்ட வந்துட்டாங்கன்னு ஊரே ஓடியாரும். மாதம்மாதான் மொதல்ல வரும்" என்றார்.

ஐயா, புகழ எழுதத் தொடங்கிய மடல் இப்படி ஆகிவிட்டது. வெட்கத்தோடு வாழ்த்துகிறோம். நெடுநாள் நலமாய் இருங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் மழைக்காலத்தில் நோய் வராதிருக்கட்டும்.

இங்ஙனம்,
நில அளவைக் கூடத்துத் தமிழ்ப் பணியாளர்கள்
மைசூரு, 31 மே 1998