மேலே ஏறும் ஓட்டை

பெரியவர்: பாத்து இறங்குப்பா... அந்தப் படி வழுக்கும்.

மெக்கானிக்: முட்டிக்கு மேல கொஞ்சம்தான் சார் தண்ணி இருக்கு. இதுல முழுகணும்னா படுத்துக்கிட்டு முயற்சி பண்ணணும்.

பக்கத்து வீட்டக்கா: கேளு தம்பி. மூணு நாளைக்கு முன்னாடி இந்த நீச்சல்குளத்துல நெஞ்சளவு தண்ணி. என் கண்ணால பாத்தேன், மாடியிலேர்ந்து.

பெரியவர்: நீங்க எப்பதான் மாடியிலேர்ந்து பாக்கல?

பக்கத்து வீட்டக்கா: துணி காயப்போடப் போவேன்.

பெரியவர்: ஒத்தை ஆளு இருக்கற வீட்டுல அவ்வளவு துணியா?

பக்கத்து வீட்டக்கா: பேச்சை மாத்தாதீங்க அண்ணா. போன தண்ணி ஆவியாவா போச்சு? என் காம்பவுண்டு சுவருக்குள்ளதான் போயிருக்கு. சுவரெல்லாம் ஊறிப்போய் பெயிண்ட் பொரிஞ்சு நிக்குது. தம்பி, உன்னைக் கூட்டிட்டு வந்தவ நான். இன்னிக்கு ஓட்டையைக் கண்டுபிடி. முடியலேன்னா மண்ணைக் கொட்டி மூடச் சொல்லிட்டுப் போ.

பெரியவர்: மூடற பேச்சு வேண்டாம்மா.

பக்கத்து வீட்டக்கா: ஏன்? ஒரு நாளாவது நீங்க இதுல கால் நனைச்சு நான் பாத்ததில்ல.

பெரியவர்: எனக்கு நீச்சல் தெரியாது.

பக்கத்து வீட்டக்கா: அப்புறம் யாருக்காக இது? காக்காவுக்கா?

பெரியவர்: ...இருக்கட்டுமே. வேற எதைக் கேட்டாலும் செய்யறேன். இதை மூட மாட்டேன்.

மெக்கானிக்: கொஞ்சம் பேசாம இருக்கீங்களா ரெண்டு பேரும்? நேத்து இந்த வாளியில குளத்துத் தண்ணி புடிச்சு படியில வெச்சுட்டுப் போனேன். வாளியிலயும் கோடு போட்டேன், சுவத்துலயும் கோடு போட்டேன். இப்ப பாருங்க...

பக்கத்து வீட்டக்கா: என்ன? எங்க? மூக்குக் கண்ணாடி வீட்டுல இருக்கு, சொல்லு.

மெக்கானிக்: ரெண்டுலயும் போட்ட கோட்டுலயே நிக்குது.

பெரியவர்: அப்ப ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சுல்ல! கிளம்பு தம்பி. மேல வா, துண்டு தர்றேன்.

மெக்கானிக்: அவசரப்படாதீங்க சார். தண்ணி ஓட்டை இருக்கற மட்டம் வரைக்கும்தான் இறங்கும். அதுக்கு மேல இறங்க வழியில்ல. அதனாலதான் இப்ப நின்னுருக்கு. அப்ப ஓட்டை இந்த மட்டத்துலதான் எங்கேயோ சுத்தி இருக்கணும். ஊசியில சிவப்புச் சாயம் வெச்சிருக்கேன். ஒவ்வொரு டைல்ஸ் இடுக்குலயும் சொட்டு விட்டுப் பாப்போம். ஓட்டை இருந்தா சாயத்தை உள்ள இழுக்கும்.

பக்கத்து வீட்டக்கா: அடடா, டாக்டர் மாதிரியே இருக்கியே.

மெக்கானிக்: டாக்டருக்கு நோயாளி வாயைத் திறந்து சொல்லுவான் அக்கா. தண்ணிக்குள்ள கையை விட்டு ஆட்டாதீங்க சார், கலங்குது... இங்க இல்ல... இங்கயும் இழுக்கல...

பெரியவர்: வெயில்தான்ப்பா. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி.

பக்கத்து வீட்டக்கா: வெயில் வந்து உங்க வீட்டுல மட்டும் உறிஞ்சி குடிச்சுதா? தெருமுனையில இருக்கற ஓட்டல் குளம் ததும்பி நிக்குது.

மெக்கானிக்: லைட்டுக்குப் பின்னாடியும் இல்ல... ஒரு நிமிஷம். சார், இது என்ன டைல்ஸ் மேல வெள்ளைக் கோடு?

பெரியவர்: எது?

மெக்கானிக்: இதோ, தண்ணிக்குக் கொஞ்சம் கீழ ஒண்ணு. அதுக்கும் கீழ இன்னொண்ணு. தண்ணி ஒரே மட்டத்துல பல நாள் நின்னா உப்புப் படிஞ்சு இப்படிக் கோடு விழும். இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை இப்படி இறங்கி நின்னுருக்கா?

பெரியவர்: ஞாபகம் இல்லையே...

பக்கத்து வீட்டக்கா: எனக்கு இருக்கு! போன வருஷம் லீவுல ஒரு தடவை. அதுக்கு முந்தின வருஷம் லீவுல ஒரு தடவை. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல.

பெரியவர்: உங்க தலைக்குள்ள வேற வேலையே நடக்காதா?

பக்கத்து வீட்டக்கா: மொதல் தடவை மறக்குமா? உங்க மக ஊர்லேர்ந்து வர்றான்னு சொன்னீங்க. நான் தெரு முழுக்கச் சொல்லிட்டேன். கடைசியில யாரும் வரல. எல்லாரும் என்னைத்தான் புளுகின்னு சொன்னாங்க.

பெரியவர்: அதுக்கப்புறம்தான் நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்லையே.

மெக்கானிக்: இது எனக்கு ஒத்து வரல சார். மொதல் தடவை ரொம்பக் கீழ வரைக்கும் இறங்கியிருக்கு. ரெண்டாவது தடவை அதைவிட மேல நின்னுடுச்சு. இப்ப இன்னும் மேல. ஓட்டை நாளாக நாளாகப் பெருசாகும். பக்கத்துல விரிசல் விடும். ஆனா மேல ஏறி நான் பாத்ததில்ல.

பக்கத்து வீட்டக்கா: பேய் வீடுன்னு சொல்லிடு, வீட்டு வரி குறையும்.

மெக்கானிக்: வேற வழியில்ல. இந்த மட்டத்துல சுத்தி இருக்கற டைல்ஸ் எல்லாத்தையும் உடைச்சுத்தான் பாக்கணும். நாளைக்கு ஆளுங்களோட வர்றேன்.

பெரியவர்: உடைக்கறதா? உடைச்சா எப்ப சரி பண்ணுவ? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?

மெக்கானிக்: ஒரு மாசம் ஆகும்.

பெரியவர்: ஐயோ, வேண்டாம்... வேண்டாம்ப்பா. அப்படியே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டக்கா: என் சுவரு?

மெக்கானிக்: சுவத்தையும் பாத்துட்டேன் அக்கா, வரும்போதே. குளத்துப் பக்கம் காஞ்சு கிடக்கு. ஈரம் உங்க பாத்ரூம் குழாய்க்கு நேரா மட்டும்தான் இருக்கு.

பக்கத்து வீட்டக்கா: ...அப்படியா?

மெக்கானிக்: குழாய்ல ஒரு கந்தல் துணி வேற சுத்தியிருக்கு. சுத்தினவங்களுக்குத் தெரியாம இருக்காது.

பெரியவர்: ஏம்மா, தெரிஞ்சேவா என் உசுரை வாங்கினீங்க?

பக்கத்து வீட்டக்கா: பின்ன என்ன பண்றது? உங்க கேட்டை நீங்க திறக்கறதே இல்ல. சண்டை போட்டாதான் உள்ள விடறீங்க. ஒரு மனுஷன் உள்ள இருக்காரா போயிட்டாரான்னு ஒருத்தி பாக்க வேண்டாமா... உங்க போன் அடிக்குது.

பெரியவர்: ஹலோ... சொல்லும்மா. இல்ல, சும்மாதான் இருக்கேன்... ம்... ம்... வெள்ளிக்கிழமை இல்லையா? ...சரி. ஆமா, ஆபீஸ் வேலைன்னா முடியாதுதான்... இல்லம்மா, நான் ஒண்ணும் ஏற்பாடு பண்ணல. எனக்கென்ன சிரமம்... குட்டிகிட்டப் போனைக் குடேன். தூங்கறாளா? சரி, சரி, எழுப்பாத... அடுத்த லீவுக்கு வாங்க. ம். வெச்சிடறேன்.

பக்கத்து வீட்டக்கா: யாரு அண்ணா? மகளா?

பெரியவர்: ராங் நம்பர்.

பக்கத்து வீட்டக்கா: ...சரி. ராங் நம்பர்தான். நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல.

பெரியவர்: தம்பி, மேல வந்துடு. அந்த மோட்டார் ரூம்ல பச்சைக் குழாய் இருக்கு. திறந்துவிட்டுட்டுப் போ. குளம் நிரம்பட்டும்.

மெக்கானிக்: ஓட்டையைக் கண்டுபிடிக்காம நிரப்பினா மறுபடியும் போயிடும் சார்.

பெரியவர்: போகாது.

மெக்கானிக்: எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

பெரியவர்: பச்சைக் குழாய்க்குப் பக்கத்துல சிவப்பு வால்வு இருக்கும். தண்ணியை வெளிய தள்றது. அதை நான் திறந்தாத்தான் போகும்.

பக்கத்து வீட்டக்கா: அண்ணா! நீங்களேவா?

மெக்கானிக்: சார்... காலையிலேர்ந்து டைல்ஸ் டைல்ஸா மோப்பம் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அதுகூடப் பரவாயில்ல. ஒவ்வொரு தடவையும் ஏன் கொஞ்சம் மேல நிறுத்தினீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க, இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது.

பெரியவர்: குளம் இருக்குன்னு சொன்னா பேத்தி வர்றேங்கறா, ஆழமா இருக்குன்னு அவ அம்மா பயப்படறா. அவ இடுப்பளவுதான் தண்ணி வெச்சிருக்கேன்னு சொல்லணும்ல... நேர்ல பாத்ததே இல்ல தம்பி, கவுன் எடுக்கணும்னு சொல்லி உயரம் கேட்டுக்குவேன். வருஷா வருஷம் வளந்துடறாளே.