ஒன்பதாவது குப்பி

பாத்திரம் தேய்ப்பதில் எனக்குச் சோம்பல் உண்டு. முதல் நாள் ரசச் சட்டி மறுநாள் மதியம் வரை ஊறிக் கிடக்கும். ஆனால் ஊசி கழுவுவதில் என்மேல் யாரும் குறை சொன்னதில்லை. ஆய்வக முதலாளி ஜெய்னுலாபுதீன் பாய் சொல்வார்: "ஏம்மா, இந்த மெஷினைக் குளிப்பாட்டுற மாதிரி உங்க வீட்டுக்காரரையும் பாத்துக்கிட்டீங்கன்னா மனுசன் இப்படிக் கருவாடா இருப்பாரா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் அது. தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டால், ஓர் ஊசி தானாகவே ஒவ்வொன்றிலும் இறங்கிச் சொட்டு உறிஞ்சி உள்ளே செலுத்தும். எந்த மருந்து எவ்வளவு என்பது திரையில் மேடுகளாக எழும். இதில் ஒரு தொல்லை உண்டு. முந்தைய குப்பியின் மிச்சம் ஊசியின் வெளிப்புறத்தில் ஒட்டும், அது உட்காரும் குழியிலும் ஒட்டும். அடுத்த குப்பியில் இல்லாத மருந்து இருப்பதாகத் திரை காட்டும். நாங்கள் அதை எச்சம் என்போம்.

அந்த எச்சத்தைக் குறைக்க நான் ஒரு வருடம் செலவழித்தேன். கழுவும் திரவத்தை மாற்றினேன், துளி அமிலம் சேர்த்தேன். கீறல் விழுந்த வால்வு சீல் வளையத்தைக் கழற்றிப் புதிது போட்டேன். ஊசியின் வெளிப்புறத்தைத் தனியாகக் கழுவ வைத்தேன். வீரியமான குப்பி ஒன்று போனால், அடுத்து வெறும் கரைப்பான் குப்பி ஒன்று போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். லட்சத்தில் ஐந்து பங்குக்குக் கீழே எச்சம் இறங்கியது. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி வீரையனைப் பற்றிச் சொல்கிறேன். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்த நிலத்திலிருந்து எங்கள் அப்பாவுக்கு மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர், கிடைத்தது. அதற்காக அப்பா இரண்டு முறை அடிபட்டார், ஒரு முறை சிறைக்குப் போனார். அவர் இறந்த பிறகு, பெண்களுக்கும் சொத்தில் சமபங்கு என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த நேரத்தில், தொண்ணூற்றொன்றில் அண்ணன் என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மாதம்.

"சொசைட்டிக் கடனுக்கு வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். போட்டுட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

வேதியியலில் முதுகலை படித்தவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் நீட்டியதை எப்படிப் படிப்பது? மூன்று வருடம் கழித்துச் சிட்டா எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது விடுதலைப் பத்திரம். என் பங்கை நானே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அதில் இருந்தது.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் கொண்டுவந்தார். அந்த மூன்று மாவில் விளைந்த அரிசியையே மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்து, "புது அரிசிம்மா, குழைய விடாம வடிச்சுடு" என்பார். வடிப்பேன். அவருக்குப் பரிமாறிவிட்டு நானும் சாப்பிடுவேன். பதினான்கு பொங்கல்.

இரண்டாயிரத்து எட்டில், பிறந்த ஊரில், எங்கள் தெருவின் குடிதண்ணீர்க் குளத்தில் பூச்சிமருந்து கலந்தது. இருபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடவு வேலைக்குப் போகும் அம்சம் என்பவள் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குளத்தில் மீன் ஏலம் விடக் கூடாது என்று அண்ணன் முன்பே சண்டை போட்டிருந்தார். குத்தகை எடுத்த பஞ்சநதத்திடம், "ஒரு மீன் உனக்கு மிஞ்சாது பாத்துக்க" என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார். அதனால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். குளத்தில் தான் கலக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆத்திரத்தில், அந்த மருந்தே ஆறு வருடமாகத் தன் வீட்டுப்படி ஏறவில்லை என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். அணைத்த சூடத்துக்கு எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. ஆனால் அது பொய் என்று ஒரு துளி காட்டிவிட்டால் மீதி எல்லாமும் பொய்யாகிவிடும்.

தாசில்தார் வைத்த சமாதானக் கூட்டத்தில், குளத்துத் தண்ணீரையும் அண்ணனின் மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிய தண்ணீரையும் சோதிப்பது என்று முடிவானது. எங்கள் ஆய்வகத்தின் பெயரைச் சொன்னதே அண்ணன்தான். நான் அங்கே இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரோடு வந்த அண்ணன், அலுவலர் உள்ளே கையெழுத்துப் போடும்போது வரவேற்பறையில் என்னிடம் வந்தார்.

"ராஜாத்தி, சாப்ட்டியா?"

"ஆச்சுண்ணே."

"எனக்காக நீ ஒண்ணும் செய்ய வேணாம். உள்ளத உள்ளபடி எழுது. அது போதும்."

"சரிண்ணே."

உள்ளத உள்ளபடி. அந்த வார்த்தையை அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் வரிசை அமைத்தேன். எட்டாவது இடத்தில், அளவு ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் அந்த மருந்தின் மிக வீரியமான கரைசல். அதற்கடுத்த கரைப்பான் குப்பியை எடுத்துவிட்டேன். கழுவும் சுற்றுகளை நிறுத்தினேன். கீறல் விழுந்த அந்தப் பழைய வளையத்தைத் தேடி எடுத்து மாட்டினேன். ஒன்பதாவது இடத்தில் அண்ணனின் டேங்க் தண்ணீர்.

நான் எதையும் கலக்கவில்லை. கழுவவில்லை, அவ்வளவுதான்.

திரையில் சின்ன மேடு ஒன்று எழுந்தது. ஆயிரத்தில் இரண்டு பங்கு எச்சம். போதுமானதாக இருந்தது. பிறகு வளையத்தை மாற்றி, முறையாகக் கழுவி, அதே குப்பியை மீண்டும் ஓட்டினேன். கோடு தட்டையாக ஓடியது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் நாற்பது நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். அவர் மனைவி கண்ணாத்தாளுக்குத் தெருக் குழாயில் யாரும் குடம் வைக்க இடம் விடவில்லை. மார்கழி கடைசி ஆகியும் அறுப்புக்கு ஒரு ஆள் வரவில்லை. கதிர் முற்றி உதிர்ந்தது. பொங்கலுக்கு முதல் நாள் அவர் கடைக்குப் போய் அந்த மருந்தை வாங்கினார். அதுவரை உண்மையிலேயே அது அவர் வீட்டுப்படி ஏறியிருக்கவில்லை. வயல் வரப்பில் உட்கார்ந்து குடித்திருக்கிறார். அந்த வருடம் சீர் வரவில்லை.

மறு ஆடியில் பக்கத்து ஊர்க் குளத்தில் அதே மருந்து. இரண்டு குழந்தைகள் இறந்தன. மீனை மயக்கிச் சுலபமாக அள்ளுவதற்குத்தான் ஊற்றியதாகப் பஞ்சநதம் உங்கள் ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும், முதல் குளத்திலும் அவர்தான் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் வீரையனின் டேங்கில் மருந்து எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். என் பெயர் அந்த அறிக்கையில் இருப்பதால் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

இதோ அந்த மடித்த தாள். அண்ணன் டேங்கில் எதுவும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் மற்றதை அனுப்பினேன். அந்தக் குழந்தைகளை இதில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று வரவேற்பறையில் அண்ணன் என் முன்னால் நின்ற இரண்டு நிமிடமும் நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசியைக் கழுவியிருப்பேன். நான் அவருக்கு நேரம் கொடுத்தேன். அவர்தான் பேசவில்லை.