சிறுத்தையின் கழுத்து

எங்கள் பட்டறையில் காலைக் காப்பி போடுவது நான்தான். தலைமைப் பொறுப்பில் இருப்பவள் கையால் குடித்தால்தான் வேலை ஓடுகிறது என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ரியோவில் கார்னிவல் ஊர்வலப் போட்டிக்கு வண்டி கட்டுகிற மற்ற கொட்டகைகளில் காலையிலேயே வசவு தொடங்கிவிடும். இந்த இவொனெட்டிடம் வசவு வாங்கியவர் யாரும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரைல்டோ அமேசான் பக்கம் பாரின்டின்ஸ் ஊர்க்காரன். பொம்மையைக் கண் சிமிட்டவும் தலை திருப்பவும் வைப்பதில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வந்த புதிதில் இவன் சொன்னதை மட்டும் செய்வான். முன்பிருந்த இடத்தில் வாயைத் திறந்தாலே அடக்கிவிடுவார்களாம்.

ஒருநாள் தானாக ஏதோ செய்துபார்த்து, கொக்கின் இறக்கையை உடைத்துவிட்டான். தரையெல்லாம் தெர்மோகோல். எங்கள் குழுவின் தலைவர் வந்து யார் செய்த வேலை என்று கத்தினார்.

"நான்தான் செய்யச் சொன்னேன்," என்றேன்.

அவர் போனதும் ரைல்டோவிடம் சொன்னேன்: "நீ பாட்டுக்குச் செய்டா. தப்பாப் போனா பழி என்னோடது."

அடுத்த வாரமே அந்த இறக்கை விரிந்து மடங்கியது. பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டிலிருக்கும் மரவள்ளி மாவில் விரலால் படம் போட்டு, "அக்கா, இங்க பாருங்க," என்பான். நல்ல மேலாளர் கிடைத்தால் மனிதன் எப்படி மலர்கிறான் என்று பார்க்க மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். அவர்கள் அவனைப் பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ஆண்டு சிறுத்தை. தலை மட்டும் ஒரு வீட்டளவு. கொட்டகையிலிருந்து ஊர்வல வீதிக்குப் போகிற வழியில் மேம்பாலம் இருப்பதால், உயரமான உருவங்களின் கழுத்தை மடக்கிக் கொண்டுபோய் அங்கே நிமிர்த்துவோம். நிமிர்த்தியபின் பிடரியில் ஒரு முட்டுக் கம்பி சொருகலாம். சொருகினால் கழுத்து அசையாது, வாய் மட்டும் திறந்து மூடும். சொருகாவிட்டால் அதே கயிற்றை இழுக்கும்போது தலையும் திரும்பும். திரும்பும் என்று தலைவரிடம் சொல்லியிருந்தேன்.

ஊர்வலத்துக்கு முந்தைய நாள் ரைல்டோ வந்தான்.

"அக்கா, கழுத்து வெல்டிங்ல முடி மாதிரி ஒரு கீறல் இருக்கு. மறுபடி வைக்க நேரமில்ல. இந்த வருசம் தலை திரும்ப வேணாம், கம்பியப் போட்டுருவோம்."

"கொக்க உடைச்சவன் பேசுற பேச்சாடா இது?"

"கொக்குக்குள்ள ஆள் இல்லக்கா. இதுக்குள்ள நான்ல இருக்கேன்."

இருவரும் சிரித்தோம். "உன் இஷ்டம்டா. உன்னை நம்புறேன்," என்றேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல ஆசை.

அவன் கம்பி சொருக மறந்துவிட்டான் என்று போன முறை இதே காவல் நிலையத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். கம்பி அவனுடைய கருவிப் பெட்டியில்தானே கிடந்தது.

அவன் மறக்கவில்லை. கழுத்தை நிமிர்த்தியதும் கம்பியை என் கையில் கொடுத்தான். "நீங்களே போட்டுருங்கக்கா, நான் உள்ள போறேன்." வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் சொருகி முடிக்கும்வரை நின்று பார்த்திருப்பான். என்னிடம் கொடுத்ததால் பார்க்கவில்லை. நான் அதை வண்டியைச் சுற்றித் தொங்கும் துணிக்குள் போட்டேன். அவனுக்குத் தேவை ஒரு சின்னத் தள்ளுதல்தான், அதைத்தான் எப்போதும் கொடுத்துவந்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுவர் மேடைக்கு முன்னால் தலை திரும்பியது. சனம் எழுந்து நின்றது. கயிறு இளகிய அந்தக் கணமே உள்ளே அவனுக்குத் தெரிந்திருக்கும், கம்பி இல்லை என்று. யார் போடவில்லை என்றும். அவன் கயிற்றை விட்டிருக்கலாம். மறுபடி இழுத்தான். எனக்காகத்தான் இழுத்திருப்பான். அடுத்த இழுப்பில் கழுத்து முறிந்து தலை அவன்மேல் இறங்கியது.

எல்லோரும் அவனைத் தூக்க ஓடினார்கள். நான் முதலில் துணிக்குள் கையை விட்டுக் கம்பியை எடுத்தேன். பெட்டியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவன் பெயரைச் சொல்லி அழுதேன். அழுகை பொய்யில்லை.

அடக்கத்தன்று அவன் மனைவி மரினேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரிலிருக்கும் அவள் கொழுந்தனுக்கு ரியோவில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், மறதிக்காரன் தம்பியாம். அதற்குக்கூட அவள் அழவில்லை.

"அவரு உங்களப் பத்தியேதான் பேசுவாருக்கா. அவரு மறந்ததால உங்க குழுவுக்குக் கோப்பை போச்சு. மனசுல வச்சுக்காதீங்க, மன்னிச்சிருங்க."

நான் அவள் தோளைத் தட்டி, "பரவால்லம்மா," என்றேன். அவனை மன்னித்தேன். அந்த வார்த்தை சொன்ன வாயால் இப்போது காப்பி குடிக்கக்கூடக் கூசுகிறது. அவன் பெயரைக் கழுவத்தான் வந்திருக்கிறேன். கம்பி என் கையில் இருந்தது, நான் போடவில்லை, பிறகு ஒளித்தேன். அவனைக் கொன்றது நான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? உங்களைவிடச் சின்னப் பெண்கள் என் பட்டறையில் இதைவிடக் கடினமானதைச் செய்திருக்கிறார்கள்.

"இல்லம்மா, மேலதிகாரியக் கேக்காம இதை எழுதலாமான்னு..."

"அருமையா எழுதிட்டு வர்ற, எதுக்குப் பயம்? நீ பாட்டுக்கு எழுதும்மா. தப்பாப் போனா பழி என்னோடது."